ஓடுவது பிறகு; முதலில் நிற்கட்டும்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போரை எள்ளி நகையாடுவது சிலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. புதுக்கார் வாங்க வக்கற்றவர் என்பார் ஒருவர். கராஜ்காரருக்கு மாதந்தோறும் சீதனம் கொடுக்கிறார் என்பார் இன்னொருவர். இவ்வாறு நகைப்போர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான கார்கள் மீண்டும் வந்திறங்க 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டில் ஓடிய ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்து வயது கூடிற்று. விலையோ குறைவதற்குப் பதிலாக ஏறிற்று. வழி திறந்த பின்னரும், வரிச் சுமையினால் புது வண்டி என்பது ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் சிறு கமக்காரருக்கும் எட்டாக் கனியே. ஆதலால் முப்பது வயதுக் கொறோலாவையும் நாற்பது வயது நிசான் சனியையும் நம்மவர் வைத்திருப்பது ஆசையினால் அன்று, அவசியத்தினால்.

எனவே பழைய வண்டியைத் திருத்துவதா விடுவதா என்ற கேள்வி நம்மிற் பெரும்பாலோருக்கு எழுவதேயில்லை. எதை முதலில் திருத்துவது என்பதே கேள்வி. கையிலிருப்பது ஒரு திருத்தத்துக்கான பணம். வண்டி கேட்பதோ பத்துத் திருத்தங்கள். இந்தக் கணக்கை நம்மவர் எப்படித் தீர்க்கின்றனர்? கண்ணுக்குத் தெரிவது முதலில். காதுக்குக் கேட்பது அடுத்தது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதது ஒருபோதும் இல்லை. கலியாண வீட்டுக்கு முன் வர்ணம் பூசப்படுகிறது. ஆசனத்துக்குப் புது உறை தைக்கப்படுகிறது. பாட்டுப் பெட்டி மாற்றப்படுகிறது. ஆனால் பிறேக் எண்ணெய் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்று கேட்டால், வீட்டுத் தலைவர் மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்கிறார். மெக்கானிக் வானத்தைப் பார்க்கிறார்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1990ஆம் ஆண்டின் பின்னர், போரும் பொருளாதாரத் தடையும் யாழ்ப்பாணக் குடாநாட்டை இறுக்கிய காலத்தில், பெற்றோல் மருந்தைப் போலத் துளித்துளியாக அளக்கப்பட்டது. அப்பொழுது ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேய வண்டிகள் மீண்டும் உயிர்பெற்றன. சிறிதளவு பெற்றோலைக் காட்டி இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்க விகிதம் குறைந்த அந்த எஞ்சின்கள் அதனைப் பொறுத்துக்கொண்டன. நோயாளரும் பிள்ளைத்தாய்ச்சியரும் ஆஸ்பத்திரியைச் சென்றடைந்தது அந்த வண்டிகளினாலேயே. கிடைத்த தகரத்தையும் கம்பியையும் கொண்டு அவற்றை ஓடவைத்த நம் கைவினைஞர்களின் திறமையைப் புகழாதிருக்க முடியாது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரிலிருந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயைக் கரைத்து இயந்திரத்தை அரிக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவே.

ஆனால் அக்காலம் நமக்கு ஒரு கலையைக் கற்பித்து, மற்றொரு கலையை மறக்கச் செய்துவிட்டது. எப்படியாவது ஓடவைக்கும் கலை கைவந்தது. நிறுத்தும் கலையை நாம் பெரிதாக எண்ணவில்லை. எண்ணவேண்டிய தேவையும் அன்று அதிகம் இல்லை. குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் மாட்டு வண்டியின் வேகத்தைச் சற்றே மிஞ்சி ஓடிய வண்டிக்கு அரைகுறைப் பிறேக் போதுமாயிருந்தது. இன்று நிலைமை அதுவா? போர் முடிந்த பின்னர் ஏ-9 நெடுஞ்சாலையும் குடாநாட்டின் பெருவீதிகளும் காப்பெற் வீதிகளாகிவிட்டன. அதே வண்டி, அதே பிறேக். வேகம் மட்டும் மணிக்கு 70 கிலோமீற்றர். பிறேக்கை மிதித்த இடத்திலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை உள்ள தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் போல வளரும். 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது தேவைப்படும் பிறேக் தூரத்தைப் போல நான்கு மடங்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் தேவைப்படும். இது பௌதிகம், இதனோடு சமரசம் பேச இடமில்லை.

ஆகவே முதற் பணம் பிறேக்குக்கே. பிறேக் என்றவுடன் தேய்ந்த பட்டைகளை மாற்றுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். பட்டை தேய்வது கண்ணுக்குத் தெரியும். ஆபத்து பெரும்பாலும் தெரியாத இடத்திலேயே ஒளிந்திருக்கிறது. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். இரும்புக் குழாய்கள் உட்புறம் துருப்பிடிக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை முற்றாக வடித்துப் புதிது ஊற்றுவதற்கு ஆகும் செலவு ஆசன உறைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதிதான். மிதியை அழுத்தி வைத்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழிறங்குமாயின் மாஸ்ரர் சிலிண்டரின் உள்ளே றப்பர் கசிகிறது என்று பொருள். மிதி பஞ்சு போல் இருந்தால் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கிறது. பிறேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சில்லின் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது பட்டையில் எண்ணெய் ஊறியிருக்கலாம். இவற்றை அறிய மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. வண்டியில் ஏறி அமர்ந்து மிதிக்கத் தெரிந்தாற் போதும். பிறேக் எண்ணெய் குறைந்திருக்கிறதே என்று கையிற் கிடைத்த எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது மட்டும் ஒருபோதும் கூடாது. கனிய எண்ணெய் பட்ட பிறேக் றப்பர் வீங்கிப் பாழாகும்.

மொறிஸ் மைனர் போன்ற வண்டியை இன்னும் போற்றி வைத்திருப்போர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பின்வந்த ஜப்பானிய வண்டிகளில் பிறேக் குழாய் இரு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று உடைந்தாலும் மற்றொன்று ஓரளவு நிறுத்தும். மைனரில் இருப்பதோ ஒரே சுற்று. எங்கேனும் ஓரிடத்தில் ஒரு றப்பர் குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளும் ஒருங்கே கைவிடும். அப்போது எஞ்சுவது கைப்பிறேக் மாத்திரமே. அதுவும் இழுத்தால் இழுபடுகிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கின்றனர்?

பிறேக்கோடு ஒருங்கு வைத்து எண்ண வேண்டியவை ஸ்ரியரிங் மூட்டுகளும் ரயர்களும். ரயரைப் பற்றி நம்மவரிடம் உள்ள தப்பெண்ணம் ஒன்றுண்டு: பூ இருக்கிறது, ஆகவே ரயர் இருக்கிறது என்பதே அது. ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீற்றர்கூட ஓடாத வண்டியில் பூ தேயாமலே இருக்கும். றப்பரோ வெயிலில் வெடித்து மூத்துக்கொண்டிருக்கும். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது என்பது பொருள். ஆறு வயது கடந்த ரயரை ஆண்டுதோறும் ஆராய வேண்டும். பத்து வயதானதைப் பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பாவித்த ரயரை மலிவாக வாங்குவோர் இந்த இலக்கத்தைப் படித்துவிட்டே பணத்தை எண்ணுதல் நன்று.

இவ்விடத்தில் அரசாங்கத்தைப் பற்றியும் ஒரு சொல். தனியார் காருக்கு ஆண்டு அனுமதிப்பத்திரம் பெறச் செல்பவரிடம் காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்கின்றனர்; புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்கின்றனர். பிறேக் பிடிக்கிறதா, ஸ்ரியரிங் மூட்டு ஆடுகிறதா என்று கேட்பார் இல்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்கிறது சட்டம். ஐந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போகும் நாற்பது வயதுக் காருக்கு வேண்டாம் என்கிறது. புகையைச் சோதிப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. நிற்காத வண்டி நல்ல புகை விட்டால் என்ன, தீய புகை விட்டால் என்ன என்பதே நமது கேள்வி. வரி விதித்துப் புது வண்டியை எட்டாத உயரத்தில் வைக்கும் அரசு, ஓடுகின்ற பழைய வண்டிகளின் பிறேக்கைச் சோதிக்கக் குறைந்த கட்டணத்தில் மாவட்டத்துக்கு ஒரு நிலையமேனும் அமைக்கக் கடமைப்பட்டது. அது அமையும்வரை ஒவ்வொரு சொந்தக்காரரும் தாமே பரிசோதகராக இருக்க வேண்டியதுதான்.

அடுத்த பணம் எதற்கு? தண்ணீருக்கு என்போம். வியப்படைய வேண்டாம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். நம் கிணற்று நீரைக் கேத்தலில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளைப் படிவு ஒட்டுவதை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் அறிவாள். அதே நீரை ஆண்டுக்கணக்காக றேடியேற்றரில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்! கேத்தலில் ஒட்டும் படிவு றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் ஒட்டாதா? குழாய் அடைபட்டால் எஞ்சின் கொதிக்கும். கொதித்தால் சிலிண்டர் தலை வளையும், அதன் கீழுள்ள கஸ்கற் எரியும். அப்போது வரும் செலவு றேடியேற்றரைக் கழற்றித் துப்புரவு செய்யும் செலவைப் போலப் பல மடங்கு. காய்ச்சி வடித்த நீரோடு குளிரூட்டி திரவத்தைக் கலந்து ஊற்றுவதே முறை. அதற்கு இயலாதவர் மாரிகாலத்தில் கூரையிலிருந்து வழியும் மழைநீரைச் சுத்தமாகப் பிடித்து வைத்தாலும் கிணற்று நீரிலும் மேலானதே. றேடியேற்றர் மூடியின் றப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அழுத்தம் நின்றால்தான் நீரின் கொதிநிலை உயரும். மூடியின் விலை அற்பம். அதனால் அழிந்த எஞ்சின்களோ எண்ணிலடங்கா. வெப்ப நாடு என்று சொல்லித் தேமோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கம் ஒன்று நம் கராஜ்களில் உண்டு. அதனால் எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதமாகும்; எரிபொருளும் வீண், தேய்வும் அதிகம். கொதிக்கும் எஞ்சினுக்கு அது மருந்துமன்று.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது எண்ணெய்க் கசிவையும் பேசாமல் விட முடியாது. ஒழுகினால் ஊற்றுவோம் என்பது பலரின் கொள்கை. செலவுக் கணக்கில் மட்டும் பார்த்தால் அது சரியெனவும் தோன்றலாம். மெல்ல ஒழுகும் ஒரு சீலுக்காக எஞ்சினை இறக்குவது மடமையே. ஆனால் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே மேற்பரப்பில் விழுவதெல்லாம் நிலத்தடி நீரை விரைவில் அடையும் மண் நம்முடையது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின் நிலையத்தைக் குற்றஞ்சாட்டிய நாம், கழற்றிய எண்ணெயை வேலியோரத்தில் ஊற்றலாமா? கசிவை இன்று அடைக்கப் பணமில்லையெனில் கீழே ஒரு தகரத் தட்டையாவது வைக்கலாம். கிணற்றிலிருந்து பத்தடியில் வண்டியை நிறுத்தும் வீட்டுக்காரருக்கு இந்த ஒழுகல் வர்ணத்திலும் முந்திய திருத்தம்.

எஞ்சினைப் பொறுத்தவரை நமது கருத்து இதுதான்: நோயை அறியுமுன் மருந்து வாங்காதீர்கள். காலையில் எஞ்சின் கிளம்பவில்லையென்றால் உடனே புதுப் பற்றரி, அதுவும் சரிவராவிட்டால் டைனமோ, பிறகு ஸ்ரார்ட்டர். மூன்றும் மாற்றியபின், பற்றரியிலிருந்து உடலுக்குச் செல்லும் ஏர்த் கம்பி பச்சை பிடித்திருந்தது தெரிய வருகிறது. கடற்காற்று வீசும் ஊர்களில் இந்தப் பச்சை சாதாரணம். ஒரு சிறு மின்னளவி கையிலிருந்தால் ஓய்ந்திருக்கும் பற்றரியில் 12.6 வோல்ற் அளவும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ற்றை அண்டியும் காட்டுகிறதா எனப் பார்த்துவிடலாம். அவ்வாறே எஞ்சின் நீலப் புகை விட்டதும் முழு எஞ்சினையும் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். சிலிண்டர்களின் அமுக்கத்தை ஒவ்வொன்றாக அளக்கச் சொல்லுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அளவு ஏறினால் குறை பிஸ்ரன் வளையங்களில். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வுகளில். எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவாய், சற்றே குறைந்திருக்குமாயின் அந்த எஞ்சினை இன்னும் சில ஆண்டு விட்டுவைக்கலாம். எண்ணெய் சற்று அதிகம் குடிப்பது முதுமையின் உரிமை.

றப்பர் பட்டியால் நேரம் இணைக்கப்பட்ட எஞ்சின் என்றால் கதை வேறு. அப்பட்டி அறுவதற்கு முன் எச்சரிக்கை தராது. சிலவகை எஞ்சின்களில் அறுந்த கணத்தில் பிஸ்ரன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். பழைய வண்டி வாங்கியவர், அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையெனில், மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். அதைக் கழற்றும்போது தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து மாற்றுவது புத்தி. இரண்டுக்கும் கூலி ஒன்றே. கிளச்சுக்காகக் கியர்ப்பெட்டியை இறக்கினால், அங்கேயுள்ள எண்ணெய்ச் சீலையும் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

இனிப் பணக் கணக்கு. வண்டியின் பெறுமதியில் பாதிக்குமேல் திருத்தச் செலவு போனால் அதைக் கைவிட வேண்டும் என்பது மேனாட்டு வழக்கு. அங்கே கூலி பெரிது, வண்டி மலிவு. இங்கோ கூலி சிறிது, உதிரிப்பாகம் பெரிது, வண்டியின் விலையோ ஆனையின் கதைதான்: இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். ஆகையால் அந்த அளவுகோல் நமக்குப் பொருந்தாது. போன வருடம் போட்ட பணத்தை எண்ணி, இவ்வளவு போட்டேனே என்று மேலும் போடுவதும் பொருந்தாது, போனது போனதே. வருகின்ற ஓராண்டுக்கு இந்த வண்டியை நம்பத்தக்கதாக வைத்திருக்க என்ன செலவாகும்? அந்த ஓராண்டுக்கு பஸ்ஸிலும் முச்சக்கரவண்டியிலும் சென்றால், சந்தைக்கு மரக்கறியை வாடகை வண்டியில் அனுப்பினால், என்ன செலவாகும்? இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கமக்காரர் இதில் வல்லவர். நீரிறைக்கும் இயந்திரத்தை வெங்காயம் நட்டபின் திருத்துவதா, நடுமுன் திருத்துவதா என்று அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. லான்ட்மாஸ்டரின் பட்டியை உழவு தொடங்குமுன்னே மாற்றும் அவர், காரின் விடயத்தில் மட்டும் உத்தியோகத்தரைப் போல நடந்துகொள்வதேனோ?

கூலி மலிவு என்ற நிலை நமக்கொரு நற்பேறு. டைனமோவைப் பிரித்துச் சுற்றுவதும், றேடியேற்றரை ஒட்டுவதும், ஸ்ரார்ட்டருக்குப் புதிய கரித்துண்டு போடுவதும் பிற நாடுகளில் அருகிவரும் தொழில்கள். இங்கே இன்னும் உயிரோடிருக்கின்றன. 1990களில் தெற்கே காலியில் மொறிஸ் மைனருக்கான தகரப் பாகங்களை அடித்துச் செய்து, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள் என்றால் இந்நாட்டுக் கைவினையின் தரம் விளங்கும். ஆகவே திருத்தக்கூடியதைத் திருத்துவித்து, திருத்தக்கூடாததற்கு நல்ல பணம் கொடுக்க வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் எதுவும் கிடைக்கும்; பாவித்ததும் கிடைக்கும், போலியும் கிடைக்கும். கதவு, கண்ணாடி, விளக்குக் கூடு, டைனமோ ஆகியவற்றைப் பாவித்ததாக வாங்குவதில் குறையில்லை. பிறேக் றப்பர், ரயர், ஸ்ரியரிங் மூட்டு, நேரப் பட்டி ஆகியவற்றைப் பாவித்ததாகவோ பெயர் தெரியாத பெட்டியிலோ வாங்குவது, மலிவென்று பழைய கயிற்றை வாங்கிக் கிணற்றில் இறங்குவதை ஒக்கும்.

வர்ணத்தைக் கடைசியில் வைத்தோம். ஆனால் வர்ணத்தின் கீழ் உள்ளதைக் கடைசியில் வைக்கக் கூடாது. கடல் எங்கும் தொலைவில் இல்லாத குடாநாட்டிலும், பண்ணைப் பாலம் கடந்து நாள்தோறும் தீவகம் சென்றுவரும் வண்டிகளிலும், துரு மேலிருந்து கீழே வருவதில்லை. கீழிருந்தே மேலே வருகிறது. கதவின் அடியில் ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகரம் ஏற்கெனவே அப்பளமாகியிருக்கும். அதன்மேல் பட்டி வைத்துத் தேய்த்து வர்ணம் பூசுவது அழுகிய மாவிலங்கைத் தூணுக்குச் சுண்ணாம்பு அடிப்பதே. ஆண்டுக்கு இருமுறை அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி, நீர் வடியும் துவாரங்களை அடைப்பெடுத்து விட்டாலே பாதித் துரு நின்றுவிடும்.

எப்போது நிறுத்துவது? எஞ்சின் போனால் மற்றொரு எஞ்சின் உண்டு. கியர்ப்பெட்டி போனாலும் அவ்வாறே. ஆனால் சில்லுகளையும் ஸ்ரியரிங்கையும் தாங்கும் சட்டமும், ஆசனப் பட்டி பிணைக்கப்பட்ட தளமும் துருவினால் உண்ணப்பட்டுவிட்டால், ஒட்டுவேலையால் அதற்கு மீண்டும் பழைய வலு வராது. ஒரு ஸ்குறூட்றைவரால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் உள்ளே இறங்கினால் அந்த வண்டியில் இனிப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. அதன் பின் அதை மாமரத்தடியில் கோழிக்கூடாக விட்டுவைக்காமல், எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் அதே வகை வண்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். எடுத்துச் செல்பவர் வருமுன், பற்றரியைக் கழற்றி, எண்ணெய்களைக் கானில் வடித்து மூடிவைத்துவிட வேண்டும்.